கணக்கில் வராத கூடு

இருபது மரங்கள்; மரம் ஒன்றுக்கு 20 பவுண்டு; ஆக மொத்தம் 400 பவுண்டு. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் சில ஏக்கர் பரப்பே கொண்ட ஓர் ஓக் தோப்பு விலைபோனபோது கிடைத்த வரவு அது. லண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அருகே ஒரு பாலம் பழுதுபட்டிருந்தது. கிளையே இல்லாமல் 50 அடி உயர்ந்து, மெலிந்த முனையிலும் ஓர் அடி விட்டம் கொண்ட மரங்கள் அதற்குத் தேவைப்பட்டன. லோசல் என்ற அந்தச் சிறு தோப்பில் அத்தகைய மரங்கள் இருபது கிடைத்தன. அவற்றில் பல 60 அடி வரை கிளையற்று நின்றன. தென் இங்கிலாந்தின் விவசாயத் தொழிலாளி ஒருவர் வாரத்துக்கு ஏறத்தாழ 7, 8 ஷில்லிங் கூலி பெற்ற காலம் அது. அதாவது, ஒரு மரத்தின் விலை ஒரு தொழிலாளியின் ஓராண்டு உழைப்பின் விலைக்கு ஏறக்குறைய ஈடாக இருந்தது. விற்றவருக்கு இலாபம், வாங்கியவருக்குத் தேவை நிறைவு. பொருளியல் பாடநூலின்படி குறையொன்றும் இல்லாத பரிமாற்றம்.

ஆனால், அந்தத் தோப்பின் நடுவே இன்னொரு ஓக் மரம் நின்றது. அதன் அடிமரத்தின் நடுப்பகுதி பெரும் கழலைபோலப் புடைத்திருந்தது. அந்தப் புடைப்புக்கு மேலே ரேவன் எனப்படும் பெருங்காக்கை இணையொன்று ஆண்டாண்டாகக் கூடு கட்டி வாழ்ந்தது. ஊரார் அதற்குக் காக்கை மரம் என்றே பெயரிட்டிருந்தனர். தலைமுறை தலைமுறையாக ஊர்ச் சிறுவர்கள் அந்தக் கூட்டை எட்டிவிட முயன்று, புடைப்பு வரை ஏறி, அதற்கு மேல் வழியில்லாமல் அஞ்சி இறங்கினார்கள். தோப்பை வெட்டும் நாள் வந்தது. அது பிப்ரவரி மாதம். பெருங்காக்கை அடைகாக்கும் பருவம். ரம்பம் அடிமரத்தை அறுத்தது, ஆப்புகள் இறங்கின, சம்மட்டி ஓசை காடெங்கும் எதிரொலித்தது, மரம் ஆடத் தொடங்கியது. தாய்ப்பறவை எழவில்லை. மரம் சாய்ந்தபோது கூட்டிலிருந்து வீசப்பட்டு, தன் மரத்தின் சிறுகிளைகளாலேயே அடிபட்டு, தரையை அடையும்போது உயிரற்றிருந்தது.

இந்த நிகழ்வை எழுதிவைத்தவர் கில்பர்ட் ஒயிட். அவர் எழுதியிராவிட்டால் பாலத்துக்கு மரம் வாங்கிய கணக்கு மட்டுமே எங்கேனும் எஞ்சியிருக்கும். சந்தை விலைக்குள் அடங்காத இழப்புகளைப் பற்றிப் பல ஆண்டுகள் வகுப்பறையில் பாடம் நடத்தியவன் நான். அந்தக் கருத்தை விளக்க இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை. ஆகவே, ஒரு கிராமத்தின் பறவைகளையும் முதிர்ந்த மரங்களையும் பார்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்த அந்த மனிதரைப் பற்றி இன்றைய வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கில்பர்ட் ஒயிட் 1720ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று செல்போர்ன் கிராமத்தில் பிறந்தார். லண்டனுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 50 மைல் தொலைவில் உள்ள சிற்றூர் அது. அவருடைய தாத்தாவின் பெயரும் கில்பர்ட் ஒயிட்தான்; அவர் அவ்வூர்த் தேவாலயத்தின் பங்குக் குரு. பேரன் பிறந்ததும் தாத்தாவின் குருமனையில்தான். பின்னர் குடும்பம் குடியேறிய வேக்ஸ் என்ற வீடே ஒயிட்டின் நிரந்தர இல்லமானது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஓரியல் கல்லூரியில் படித்து 1743இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே அக்கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1757இல் கல்லூரித் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார்.

சொந்த ஊரின் பங்குக் குருவாகும் வாய்ப்பும் அவருக்கு இல்லை. செல்போர்ன் தேவாலயத்துக்குக் குருவை நியமிக்கும் உரிமை ஆக்ஸ்ஃபோர்டின் மற்றொரு கல்லூரியான மாட்லினிடம் இருந்தது. ஒயிட் ஓரியல் கல்லூரிக்காரர். எனவே பக்கத்து ஊரிலும் சொந்த ஊரிலும் உதவிக் குருவாகவே பணியாற்றினார். வேறு இடங்களில் நல்ல வருவாய் தரும் பதவிகள் கிடைத்திருக்கும். அவர் செல்போர்னை விட்டுப் போக மனம் கொள்ளவில்லை. அதே வேளையில், நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள ஒரு தேவாலயத்தின் வருவாயைப் பெற்றுக்கொண்டு, அங்கே தமக்குப் பதிலாக வேறொரு குருவை அமர்த்தியிருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அக்காலத்தில் அது வழக்கம். யாரும் குறையாகக் கருதவில்லை. ஆயினும், பறவை பார்க்கும் ஓய்வு ஒயிட்டுக்கு வானத்திலிருந்து விழவில்லை. அதற்கும் ஒரு பொருளாதார அடித்தளம் இருந்தது.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. நெடும்பயணங்களை விரும்பவில்லை, கோச்சு வண்டியில் ஏறினாலே அவருக்குக் குமட்டும். குதிரை மீதும் கால்நடையாகவும் சுற்றக்கூடிய வட்டாரமே அவருடைய உலகம். ஊருக்குத் தென்மேற்கே 300 அடி உயரத்துக்கு எழும் சுண்ணாம்புக்கல் குன்று. அதன் சரிவில் அடர்ந்த பீச் மரக்காடு. அதை ஊரார் ஹேங்கர் என்பர். காட்டு மரங்களிலெல்லாம் பீச்சே அழகானது என்பது அவருடைய தீர்மானம். 1753இல் தம்பி ஜானுடன் சேர்ந்து அந்தச் செங்குத்துச் சரிவில் வளைந்து வளைந்து ஏறும் பாதை ஒன்றை வெட்டினார். அந்தப் பாதை இன்றும் இருக்கிறது.

1751இல் ஒயிட் ஒரு தோட்டக் குறிப்பேட்டைத் தொடங்கினார். எந்த விதை எப்போது ஊன்றப்பட்டது, வெள்ளரிப் பாத்திக்கு எத்தனை வண்டி எரு இட்டோம், எப்போது உறைபனி விழுந்தது என்பன போன்ற குறிப்புகள் அதில் இருந்தன. 1768 முதல், டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற அறிஞர் வடிவமைத்து அச்சிட்ட கட்டங்கள் கொண்ட இயற்கைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். வெப்பநிலை, காற்றின் திசை, மழையளவு, முதலில் பூத்த செடி, முதலில் வந்த பறவை என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். இறப்பதற்குச் சில நாள்கள் முன்புவரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள், அதை நிரப்பிக்கொண்டேயிருந்தார். ஒரே இடத்தில் ஒரே மனிதர் இடைவிடாமல் திரட்டிய இத்தகைய காலத்தொடர்த் தரவு அந்த நூற்றாண்டில் மிக அரிது. புள்ளிவிவரம் கையாள்பவர்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

அவருடைய இன்னொரு தம்பியான பெஞ்சமின் லண்டனில் புத்தக வணிகர். அவர் வழியாகத் தாமஸ் பென்னன்ட் என்ற விலங்கியலாளரின் தொடர்பு கிடைத்தது. 1767இல் பென்னன்ட்டுக்கும் 1769இல் பாரிங்டனுக்கும் ஒயிட் கடிதங்கள் எழுதத் தொடங்கினார். அக்கால அறிஞர் பலர் இறந்த பறவைகளின் தோல்களை மேசையில் பரப்பி இனங்களை வகைப்படுத்திக்கொண்டிருந்தனர். ஒயிட்டும் ஐயம் தீர்க்கப் பறவைகளைச் சுட்டு எடுத்துப் பார்த்தவர்தாம். ஆனால், அவர் முதலில் நம்பியது உயிருள்ள பறவையின் குரலையும் நடத்தையையும்.

அதற்குச் சிறந்த சான்று இலைக் கதிர்க்குருவிகள். பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும், பசுமஞ்சள் நிறமான இச்சிறு பறவைகளை அதுவரை ஒரே இனமாகக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். அவை மூன்று தனித்தனி இனங்கள் என்று 1768இல் ஒயிட் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று இரண்டே அசைகளை மாறி மாறி ஒலிப்பது. இன்னொன்று இனிமையாக இறங்கி ஒலிக்கும் பாட்டுடையது. மூன்றாவது, உயர்ந்த பீச் மரங்களின் உச்சியில் அமர்ந்து, இறகை நடுக்கியவாறு வெட்டுக்கிளிபோல் சில்லென்று ஒலிப்பது. இந்த மூன்றாவது பறவையின் வாழ்விடமே முதிர்ந்த காடுதான். ஹேங்கர் காடு இல்லையென்றால் அந்த இனத்தை அவர் அறிந்திருக்க முடியாது. மரத்தை அறியாமல் பறவையை அறிய முடியாது என்பதை அவர் கோட்பாடாக எழுதவில்லை, காதால் கண்டறிந்தார். கோதுமைத் தாள்களில் பந்துபோல் கூடு பின்னும் மிகச் சிறிய எலியையும், உயரப் பறக்கும் ஒரு பெரிய வௌவால் இனத்தையும் இங்கிலாந்தில் முதலில் அடையாளம் கண்டு எழுதியவரும் அவரே.

தகைவிலான்களையும் உழவாரன்களையும் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் 1774, 1775 ஆண்டுகளில் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டு, அதன் ஆய்விதழில் வெளியாயின. உழவாரன்கள் பறந்தவாறே இணைசேர்கின்றன என்று அவர் கண்டு சொன்னது பின்னர் உறுதியாயிற்று. ஆனால், என்னை மிகவும் ஈர்ப்பது அவர் எடுத்த ஓர் எளிய எண்ணிக்கை. செல்போர்னில் ஒவ்வோர் ஆண்டும் எட்டு இணை உழவாரன்களே கூடு கட்டின. ஏறத்தாழப் பாதி தேவாலயக் கோபுரத்தில். மீதி, ஊரின் ஏழைக் குடிசைகளின் தாழ்ந்த கூரைகளில். எட்டு இணைகளும் ஆண்டுதோறும் குஞ்சு பொரிக்கின்றன. அப்படியானால், அடுத்த ஆண்டு பதினாறு இணைகள் வர வேண்டுமல்லவா? ஏன் எப்போதும் எட்டே வருகின்றன? பெருகியவை எங்கே போகின்றன? மால்தஸின் மக்கள்தொகைக் கட்டுரை 1798இல்தான் வெளியானது. அதற்கு 20 ஆண்டுகள் முன்பே, ஒரு தேவாலயக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, உயிரினப் பெருக்கத்தின் எல்லை எது என்ற கேள்வியை இந்தக் கிராமத்துக் குரு எழுப்பிவிட்டார்.

எல்லாக் கேள்விகளுக்கும் அவருக்கு விடை கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் தகைவிலான்கள் எங்கே போகின்றன என்பது அவரை வாழ்நாள் முழுவதும் அலைக்கழித்த புதிர். ஜிப்ரால்டரில் மதகுருவாக இருந்த தம்பி ஜான், பறவைகள் கடலிடுக்கைக் கூட்டம் கூட்டமாகக் கடப்பதைக் கண்டு எழுதினார். பறவைகள் வலசை போகின்றன என்பதை ஒயிட்டும் ஏற்றார். ஆனாலும், சில தகைவிலான்களாவது ஊரிலேயே பொந்துகளிலோ கரைகளிலோ உறங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கக்கூடும் என்ற பழைய நம்பிக்கையை அவரால் முற்றாக விட முடியவில்லை. ஆள் வைத்துப் புதர்களையும் கரைகளையும் துழாவிப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததையும் அப்படியே எழுதிவைத்தார். ஒரே இடத்தைப் பார்ப்பதன் எல்லையும் அதுதான்: ஊரை விட்டுப் பறவை போன பின் அதன் கதையைச் சொல்ல இன்னோர் ஊரில் இன்னொருவர் வேண்டும்.

மண்புழுவைத் தோட்டக்காரர்கள் பகையாகக் கருதிய காலத்தில், மண்ணைத் துளைத்து, தளர்த்தி, உரமூட்டும் அந்த எளிய உயிர் இல்லாவிட்டால் நிலம் இறுகி மலடாகும் என்று 1777இல் எழுதினார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் 1881இல் மண்புழுக்களைப் பற்றித் தனி நூலே எழுதிய சார்லஸ் டார்வின், சிறுவயதில் ஒயிட்டின் நூலைப் படித்தே பறவைகளைக் கவனிக்கத் தொடங்கியவர். பிற்காலத்தில் செல்போர்னுக்கே சென்று பார்த்தவர்.

மரங்களுக்கு வருவோம். செல்போர்னின் நடுவே பிளஸ்டர் என்ற பொதுவெளி உண்டு. அங்கே முன்னொரு காலத்தில் குட்டையான பெருத்த அடிமரமும் அகன்று விரிந்த கைகளும் கொண்ட ஓக் மரம் ஒன்று நின்றது. அதைச் சுற்றிக் கற்படிகளும் இருக்கைகளும் கட்டியிருந்தார்கள். கோடை மாலைகளில் முதியோர் அமர்ந்து ஊர் வழக்குகள் பேச, இளையோர் முன்னே ஆடிக் களித்தனர். நம்மூர் ஆலமரத்து மேடையை நினைத்துக்கொள்ளலாம். 1703ஆம் ஆண்டின் பெரும்புயல் அதை வீழ்த்தியது. அப்போது பங்குக் குருவாக இருந்தவர் ஒயிட்டின் தாத்தா. பல பவுண்டுகள் செலவழித்து மரத்தை நிமிர்த்தி மீண்டும் நட்டார்கள். சில காலம் துளிர்த்தது, பின் பட்டுப்போனது. பேரன் அந்த மரத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால், ஊர் அதை மறக்கவில்லை என்பதால் அவர் அதை எழுதினார்.

தேவாலய முற்றத்தில் ஒரு யூ மரம் இருந்தது. ஒயிட் அளந்தபோது அதன் அடிமரச் சுற்றளவு 23 அடி. அது ஆண் மரம் என்றும், வசந்தத்தில் மகரந்தத்தைத் தூசி மேகம்போல் உதிர்க்கிறது என்றும் குறித்தார். தேவாலயத்தைவிட மூத்த மரமாக இருக்கலாம் என்பது பலருடைய கணிப்பு. அதன் நிழலைக் கடந்துதான் அவர் ஒவ்வொரு ஞாயிறும் வழிபாடு நடத்தச் சென்றார்.

மரத்தின் மீது யார் யாருக்கு உரிமை என்ற கேள்வியையும் அவர் தவிர்க்கவில்லை. 1784இன் வசந்தத்தில் அருகிலிருந்த ஹோல்ட் காட்டில் ஏறத்தாழ ஆயிரம் ஓக் மரங்கள் வெட்டப்பட்டன. அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு, காட்டைக் குத்தகையாகப் பெற்றிருந்த பிரபுவுக்குரியது என்று பேச்சு. கழித்த கிளைகளும் நுனிகளும்கூடத் தமக்கே என்று அவர் உரிமை கோரினார். சுற்றியிருந்த நான்கு ஊர்களின் ஏழைகளோ அவை காலங்காலமாகத் தங்களுடையவை என்றார்கள். கூட்டமாகத் திரண்டு வந்து அத்தனையையும் அள்ளிச் சென்றார்கள். 45 பேர் மீது பிரபு வழக்குத் தொடுத்தார். ஒயிட் இதை எழுதும் முறையில் ஏழைகளின் செயலைக் கலகம் என்று கருதும் தொனி இருக்கிறது. ஆயினும் இரு தரப்பின் உரிமைக் கோரிக்கையையும் பதிந்திருக்கிறார். பொதுவளம் எப்படித் தனியுடைமையாகிறது என்பதை ஆராயும் மாணவருக்கு அந்த ஒரு பத்தி போதும்.

அந்த ஏழைகளின் வீட்டுக்குள்ளும் அவர் எட்டிப் பார்த்தார். கோரைத் தண்டை உரித்து, உலர்த்தி, கொழுப்பில் தோய்த்து விளக்காக எரிப்பது அவ்வட்டார வழக்கம். ஒயிட் அதை எடைபோட்டுக் கணக்கிட்டார். உலர்ந்த கோரை ஒரு பவுண்டு எடையில் 1,600-க்கும் மேற்பட்ட தண்டுகள். ஒவ்வொன்றும் சராசரியாக அரைமணி நேரம் எரிந்தால் 800 மணி நேர வெளிச்சம். கோரைக்கு ஒரு ஷில்லிங், தோய்க்க ஆறு பவுண்டு கொழுப்புக்கு இரண்டு ஷில்லிங். மொத்தச் செலவு மூன்று ஷில்லிங். ஆக, பென்னியின் நாலில் ஒரு பங்கான ஒரு ஃபார்த்திங்குக்கு ஐந்தரை மணி நேரம் வெளிச்சம் கிடைக்கும். பரம ஏழைகளோ அரைப் பென்னி கொடுத்து மெழுகுவத்தி வாங்குகிறார்கள். காற்று புகும் வீடுகளில் அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரிவதில்லை. ஏழைகளுக்குச் சிக்கனம் தெரியவில்லை என்று அவர் முடிக்கிறார்.

இங்கே நான் அவரோடு முரண்படுகிறேன். மூன்று ஷில்லிங் என்பது ஒரு தொழிலாளியின் வாரக் கூலியில் பாதிக்குச் சற்றே குறைவு. அதை ஒரே நேரத்தில் எடுத்துவைக்க முடியாதவரே அன்றன்றைக்கு அரைப் பென்னி தருகிறார். பன்றி இறைச்சி வேகும் பானையில் மிதக்கும் கொழுப்பைச் சேமித்தால் செலவே இல்லை என்கிறார் ஒயிட். இறைச்சி வேகும் பானை இருக்கும் வீட்டுக்குத்தான் அது பொருந்தும். மொத்தமாக வாங்க முடியாததால் சில்லறையில் அதிக விலை கொடுப்பதே வறுமையின் இயல்பு. அது அறியாமை அன்று. கணக்கு அவருடையது சரி; முடிவுதான் சரியில்லை. ஆனால், முரண்படுவதற்குத் தேவையான எண்கள் அனைத்தையும் அவரே எனக்குத் தந்திருக்கிறார் என்பதில்தான் அவருடைய நேர்மை இருக்கிறது.

1783இல் ஊரின் மக்கள்தொகையையும் பதிந்தார்: 136 குடும்பங்கள், 676 பேர். பிரிட்டனின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 1801இல்தான். உழவாரனையும் மனிதரையும் ஒரே பொறுமையுடன் எண்ணிய ஒருவரை வேறெங்கும் காண்பது கடினம்.

பென்னன்ட்டுக்கு 44, பாரிங்டனுக்கு 66 எனக் கடிதங்கள் 110. அவற்றில் சில அஞ்சலில் சேராமல் நூலுக்காகவே எழுதப்பட்டவை. காக்கை மரம் அப்படிப்பட்ட ஒரு கடிதத்தில் வருகிறது. பல ஆண்டுத் தயக்கத்துக்குப் பின், 1788ஆம் ஆண்டின் இறுதியில், 1789 என்று ஆண்டிட்ட தலைப்புப் பக்கத்துடன், செல்போர்னின் இயற்கை வரலாறும் பழமைகளும் என்ற பொருள்படும் தலைப்பில் தம்பி பெஞ்சமினின் பதிப்பாக நூல் வெளிவந்தது. ஆசிரியருக்கு வயது 68. இன்றுவரை 200-க்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்ட அந்த நூல் அச்சில் இல்லாத காலமே இல்லை எனலாம். பிரெஞ்சுப் புரட்சி வெடித்த ஆண்டில் ஒரு கிராமத்துக் குருவிகளைப் பற்றிய நூல் நிலைபெற்றது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1793 ஜூன் 26 அன்று ஒயிட் வேக்ஸ் இல்லத்தில் காலமானார். செல்போர்ன் தேவாலய முற்றத்தில், பெயரின் இரு முதலெழுத்துகளும் தேதியும் மட்டுமே பொறித்த சிறு கல் அவருடைய கல்லறையைக் காட்டுகிறது. சசெக்ஸில் வாழ்ந்த அத்தையிடமிருந்து 1780இல் அவருக்கு வந்துசேர்ந்த திமோத்தி என்ற ஆமை, அவருக்குப் பின் ஓராண்டளவே வாழ்ந்தது. ஆண்பெயரிட்டு அழைக்கப்பட்ட அது பெண் ஆமை என்பது அதன் ஓட்டை ஆராய்ந்த பின்னரே தெரிந்தது. அந்த ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

அவர் விட்டுச் சென்ற எண்கள் இன்றும் வேலை செய்கின்றன. 1983இல் ஜான் லாட்டன், ராபர்ட் மே என்ற இரு சூழலியலாளர்கள், செல்போர்னின் உழவாரன்களை ஒயிட்டின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டார்கள். அப்போது அங்கே இருந்தவை 12 இணைகள். இரு நூற்றாண்டுகளில் உலகமே மாறியிருக்க, உழவாரன்களின் எண்ணிக்கை ஏறக்குறைய அதே அளவில் நின்றது. ஒப்பிட ஒரு தொடக்க எண் இருந்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது. அதன் பிறகு நிலைமை வேகமாக மாறியது. பிரிட்டனில் உழவாரன்கள் பெரிதும் குறைந்து, 2021இல் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பழைய கட்டடங்களைச் செப்பனிடும்போது கூரை இடுக்குகள் அடைபடுவதும் அதற்கு ஒரு காரணம்.

யூ மரமும் நிலைக்கவில்லை. 1990 ஜனவரி 25 அன்று வீசிய புயல் அதை வேரோடு சாய்த்தது. கிளைகளைக் கழித்து, மரத்தை நிமிர்த்தி மீண்டும் நட்டார்கள். 1703இல் ஓக் மரத்துக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது, யூ பிழைக்கவில்லை. 287 ஆண்டு இடைவெளியில், ஒரே ஊர் இருமுறை ஒரே பாடத்தைக் கற்றது: முதிர்ந்த மரத்தை விழுந்த பின் மீட்க முடியாது. அதன் கிளையிலிருந்து வளர்த்த ஒரு கன்று அருகில் நடப்பட்டிருக்கிறது. அது தாய்மரத்தின் சுற்றளவை எட்டப் பல நூறு ஆண்டுகள் ஆகும்.

வெட்டப்படும் ஒரு மரத்துக்கு ஈடாக இத்தனை கன்றுகள் நடப்படும் என்று அறிவிக்கப்படும்போதெல்லாம் எனக்குச் செல்போர்ன் நினைவுக்கு வருகிறது. பத்துக் கன்றுகள் ஒரு மரத்துக்கு ஈடு என்பது எண்ணிக்கையில் சரி. ஆனால், நூறாண்டு மரத்தில் ஆந்தைக்கும் கிளிக்கும் பொந்து இருக்கிறது; பட்ட கிளையில் மரங்கொத்திக்கு உணவு இருக்கிறது; அடியில் வழிப்போக்கருக்கு நிழல் இருக்கிறது. கன்றில் இவை எதுவும் இல்லை. இரண்டு தலைமுறைக்கு இருக்கப்போவதும் இல்லை. காலம் என்ற மூலதனத்தைக் கணக்கில் சேர்க்காத ஈடு, ஈடே ஆகாது. ஹோல்ட் காட்டில் பிரபு வழக்கு மன்றத்துக்குப் போனார். ஏழைகள் கூட்டமாகத் திரண்டு வந்தார்கள். லோசல் தோப்பின் பெருங்காக்கைக்கு இரண்டும் இயலவில்லை. அதற்காகப் பேச ஒரு சாட்சி மட்டுமே இருந்தது.

அப்படிப்பட்ட சாட்சிகள் ஒவ்வோர் ஊருக்கும் தேவை. அதற்குப் பட்டமோ விலையுயர்ந்த கருவியோ வேண்டியதில்லை. தெருவில் நிற்கும் மூத்த மரத்தின் சுற்றளவை அளந்து எழுதலாம். அதில் எத்தனை கூடுகள் என்று ஆண்டுதோறும் எண்ணலாம். எந்தப் பறவை எந்த மாதத்தில் வந்தது, எப்போது போனது என்று குறிக்கலாம். பள்ளிகளும் கல்லூரிகளும் தங்கள் வளாகத்தின் மரங்களுக்கு ஒரு பேரேடு தொடங்கலாம். சாலை அகலப்படுத்த அளவைக்கல் நடப்படும் நாளில் திடீரென எழும் கண்ணீரைவிட, பத்தாண்டுகளாகப் பொறுமையாக எழுதப்பட்ட ஒரு குறிப்பேட்டுக்கு மேசையின் மறுபக்கத்தில் இருப்பவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். எண்ணப்படாத ஒன்றின் இழப்பை எந்த அலுவலகத்திலும் நிறுவ முடியாது. எட்டு இணை உழவாரன்கள் என்று அன்று ஒருவர் எழுதிவைத்ததால்தான், இன்று குறைந்தது எவ்வளவு என்று கேட்க முடிகிறது.